நீலக் காகிதம் சுற்றிய உருக்கு!
ஜப்பான் கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு வீட்டுக்குப் புதுக் கத்தி வந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஜப்பானில் செய்த கத்தி. நல்ல விலை. தக்காளியின் மேல் வைத்து லேசாக இழுத்தால் போதும், தோல் பிளந்துவிடும். வெங்காயம் காகிதம்போல் மெல்லிசாக விழுந்தது. வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை கத்தியை வாங்கி, வெட்டிப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

கடைசியாக ஒருவர் எலுமிச்சம்பழம் நறுக்கினார். கத்தியை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டார். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போனார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால், கத்தி முழுவதும் செம்பழுப்பாகத் துரு!

"கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்! இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு துருப்பிடிக்கிற கத்தியையா கொடுப்பது?" என்று வீட்டில் ஒரே கூச்சல்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கத்தியும் மட்டமானது அல்ல. அது துருப்பிடிக்கும் உருக்கில் செய்த கத்தி. வாங்கியவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த உருக்கின் பெயர் "அவோகாமி". உலகம் எங்கும் சமையற்காரர்கள் தேடி வாங்கும் உருக்கு அது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்கினால் பல வருடங்கள் உழைக்கும். தெரியாமல் வாங்கினால் ஒரே இரவில் அழ வேண்டியதுதான்.

பெயர் வந்த கதை

ஜப்பானிய மொழியில் "அவோ" என்றால் நீலம். "காமி" என்றால் காகிதம். ஆக, அவோகாமி என்றால் "நீலக் காகிதம்".

உருக்கு நீல நிறமாக இருக்குமா? இருக்காது! மற்ற உருக்கைப் போல அதுவும் சாம்பல் நிறம்தான்.

ஆலையில் பல வகை உருக்கைச் செய்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எது எந்த வகை என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறக் காகிதம் வைத்தார்கள். ஒன்றுக்கு மஞ்சள். அதன் பெயர் "கிகாமி". இன்னொன்றுக்கு வெள்ளை. அது "ஷிரோகாமி". மற்றொன்றுக்கு நீலம். அதுதான் அவோகாமி.

அடையாளத்துக்கு வைத்த காகிதத்தின் நிறமே உருக்கின் பெயராகிவிட்டது!

இரும்பு மணல் ஊர்

இந்த உருக்கு பிறக்கும் ஊரின் பெயர் யசுகி. ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஷிமானே மாகாணத்தில் இருக்கிறது.

அந்த வட்டாரத்து மலைகளிலும் ஆறுகளிலும் கறுப்பு மணல் கிடைக்கும். அது சாதாரண மணல் அல்ல. இரும்பு கலந்த மணல். அந்த மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியால் ஊதி, பழங்காலத்தில் உருக்கு எடுத்தார்கள். அந்த உலைக்குத் "தத்தாரா" என்று பெயர்.

மூன்று பகல், மூன்று இரவு உலை எரியும். நடுவில் அணையக் கூடாது. தலைமைக் கொல்லர் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார். கடைசியில் உலையை இடித்துத்தான் உருக்குக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும்! ஒவ்வொரு தடவையும் புது உலை கட்ட வேண்டும்.

வாள் செய்யும் கொல்லர்களுக்கு இந்தப் பழைய உருக்கு தேவைப்படுகிறது. அதற்காக யசுகிக்குத் தெற்கே உள்ள ஒக்குயிசுமோ மலைப்பகுதியில் 1977-ல் ஒரு தத்தாரா உலையை மீண்டும் மூட்டினார்கள். குளிர்காலத்தில் இன்றும் அங்கே உருக்கு எடுக்கிறார்கள்.

யசுகி ஊருக்கு ஒரு நாட்டுப்புறப் பாட்டும் உண்டு. அந்தப் பாட்டுக்குக் கூடையை வைத்துக்கொண்டு மீன் பிடிப்பதுபோல் ஆடுவார்கள். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். "அது மீன் பிடிக்கும் ஆட்டமே அல்ல, ஆற்றில் இரும்பு மணலை அரித்தெடுத்த வேலைதான் ஆட்டமாகியது" என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

நாம் பேசும் நீலக் காகித உருக்கு மணல் உலையில் செய்வது அல்ல. யசுகியில் உள்ள நவீன ஆலையில் செய்வது. அந்த ஆலை நெடுங்காலம் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்ற கம்பெனியாக இருந்தது. 2023-ல் அந்தக் கம்பெனியின் பெயர் புரோட்டீரியல் என்று மாறியது. ஆகவே, பழைய சீட்டில் ஹிட்டாச்சி என்று இருந்தாலும், புதிய சீட்டில் வேறு பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

இரும்பில் கார்பன் சேர்ந்தால் உருக்கு. கார்பன் என்பது கரிதான்.

வீடு கட்டப் போடும் கம்பியில் நூற்றுக்குச் சுமார் கால் பங்குதான் கார்பன். அதனால்தான் அதை வளைக்க முடிகிறது. நீலக் காகித உருக்கில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் கார்பன் உண்டு. அதனால் அது மிகவும் கெட்டியாகிறது.

வெள்ளைக் காகித உருக்கிலும் இதே அளவு கார்பன் உண்டு. அப்படியானால் நீலத்துக்கு என்ன சிறப்பு?

டங்ஸ்டன்! பழைய குண்டு பல்பின் உள்ளே ஒளிர்ந்த கம்பி நினைவிருக்கிறதா? அது டங்ஸ்டன். எல்லா உலோகங்களிலும் அதிகச் சூட்டில் உருகுவது அதுதான். அதில் கொஞ்சமும், குரோமியம் சிறிதளவும் சேர்த்தால் நீலக் காகித உருக்கு.

டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்து உருக்குக்குள் மிகக் கெட்டியான பொடி மணிகளாக மாறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மணிகள் கத்தி வாய் தேயாமல் காக்கின்றன. அதனால் ஒரு தடவை சாணை பிடித்தால் நெடுநாள் கூர் நிற்கும்.

வெள்ளைக் காகித உருக்கு சீக்கிரம் கூராகும். சற்றுச் சீக்கிரம் மழுங்கும். நீலக் காகித உருக்கு கூராகச் சற்று நேரம் பிடிக்கும். ஆனால் கூர் அதிக நாள் நிற்கும். இதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

1-ம் நம்பரா? 2-ம் நம்பரா?

நீலக் காகிதத்திலும் மூன்று வகை உண்டு.

2-ம் நம்பர்: கார்பன் நூற்றுக்கு 1.05 முதல் 1.15 பங்கு. டங்ஸ்டன் 1 முதல் 1.5 பங்கு.

1-ம் நம்பர்: கார்பன் 1.25 முதல் 1.35 பங்கு. டங்ஸ்டன் 1.5 முதல் 2 பங்கு.

சூப்பர்: கார்பன் 1.4 முதல் 1.5 பங்கு. டங்ஸ்டன் 2 முதல் 2.5 பங்கு. இன்னும் சில உலோகங்களும் சிறிதளவு உண்டு.

"2-ம் நம்பர் என்றால் இரண்டாந்தரம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! நம்பர் தரத்தைக் காட்டவில்லை. கார்பன் அளவைத்தான் காட்டுகிறது.

கார்பன் ஏற ஏறக் கெட்டித்தன்மை ஏறும். கூடவே, முறியும் குணமும் ஏறும். 2-ம் நம்பர் சற்றுத் தாங்கும். சாணை பிடிப்பதும் எளிது. ஆகவே, முதல் முதலாக வாங்குகிற குடும்பத்துக்கு 2-ம் நம்பரே நல்லது. சூப்பர் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

ஏன் துருப்பிடிக்கிறது?

எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிப்பதில்லை. காரணம், குரோமியம். நூறு பங்கில் 10.5 பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால், அது உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலாகப் படிந்து காக்கும்.

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ல் இத்தகைய உருக்கைச் செய்தார். துப்பாக்கிக் குழாய் தேய்ந்து போகாமல் இருக்க வழி தேடியபோது கிடைத்தது அது. துப்பாக்கிக்காகத் தேடியது சமையல் அறைக்கு வந்து சேர்ந்தது!

நீலக் காகித உருக்கில் குரோமியம் அரைப் பங்குக்கு மேல் இல்லை. அது துருவைத் தடுக்கப் போதாது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். புளிப்புப் பட்டால் இன்னும் சீக்கிரம்.

அப்படியானால் குரோமியத்தை ஏன் நிறையச் சேர்க்கவில்லை? சேர்த்தால் உருக்குக்குள் பெரிய மணிகள் உண்டாகும். சாணைக்கல்லில் எளிதில் தேயாது. மயிரிழைபோல் மெல்லிய கூர் வருவதும் கடினமாகும். மெல்லிய கூர் வேண்டும் என்பதற்காகவே துருவைப் பொறுத்துக் கொள்கிறார்கள்.

கத்தி பிறக்கும் பட்டறை

ஒசாகா நகருக்குத் தெற்கே சகாய் என்ற ஊர் இருக்கிறது. கத்திக்குப் பேர்போன ஊர். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் ஜப்பானுக்குப் புகையிலையைக் கொண்டு வந்தார்கள். புகையிலையை நறுக்கக் கத்தி வேண்டுமே! சகாய் கொல்லர்கள் செய்து கொடுத்தார்கள். தரம் நன்றாக இருந்ததால் அரசாங்கமே முத்திரை கொடுத்தது.

சகாயில் ஒரே ஆள் முழுக் கத்தியையும் செய்வது வழக்கமில்லை. அடிப்பவர் ஒருவர். சாணை பிடிப்பவர் இன்னொருவர். பிடி போடுபவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தம் வேலையை மட்டும் காலமெல்லாம் செய்து தேர்ந்தவர்கள்.

கொல்லர் முதலில் மிருதுவான இரும்பையும் நீலக் காகித உருக்கையும் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒட்டுகிறார். உருக்கு வெட்டும். இரும்பு தாங்கும். முழுவதும் உருக்காக இருந்தால் கீழே விழுந்தவுடன் முறிந்துவிடலாம்.

பிறகு தோய்ச்சல். கத்தியைச் சுமார் 800 டிகிரி வரை காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சடக்கென்று முக்குகிறார்கள். உருக்கு கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும். ஆகவே மறுபடி 160 முதல் 230 டிகிரி வரை மெதுவாகச் சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள்.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். வீட்டில் கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டினால் கொல்லர் கொடுத்த பதம் போய்விடும். பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் பழைய கூர் நிற்காது!

கெட்டியை அளப்பது எப்படி?

ராக்வெல் என்று ஓர் அளவு உண்டு. வைரத்தாலான கூம்பு முனையை 150 கிலோ பாரத்தில் உருக்கின் மேல் அழுத்துவார்கள். முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் கெட்டி அதிகம், எண்ணும் அதிகம்.

ஐரோப்பிய எவர்சில்வர் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56, 58 என்ற அளவில் இருக்கும். நீலக் காகிதக் கத்திகள் 60-ஐத் தாண்டும். 62, 63 என்று சீட்டில் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

எண் பெரிது என்றால் கூர் நெடுநாள் நிற்கும் என்று பொருள். எலும்பில் ஓங்கிப் போட்டால் வாய் பொக்கை விழும் என்றும் பொருள்!

எந்த வடிவம் உங்களுக்கு?

காய்கறி மட்டும் நறுக்கும் வீட்டுக்கு "நக்கிரி". நீள்சதுரமான அலகு. வாய் நேராக இருக்கும். கீரை, முட்டைக்கோசு நறுக்க மிக நல்லது.

எல்லா வேலைக்கும் ஒரே கத்தி வேண்டுமா? "சந்தோக்கு" வாங்கலாம். அந்தப் பெயருக்கு "மூன்று நற்குணம்" என்று பொருள். இறைச்சி, மீன், காய்கறி மூன்றுக்கும் ஆகும். நீளம் 16, 18 சென்டிமீட்டர் இருக்கும்.

"கியுத்தோ" என்பது நீளமானது. 21, 24 சென்டிமீட்டர். பெரிய சமையலுக்கு ஏற்றது.

மீனின் தலையை வெட்ட, கனமான "தேபா" உண்டு. பச்சை மீனை மெல்லிசாக அறுக்க, நீண்ட "யனகிபா" உண்டு. இவை இரண்டும் ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தவை. பழகியவர்களுக்கே சரிவரும். அதோடு, வலக்கைக்காரர்களுக்கென்று செய்தவை. இடக்கைக்காரர்கள் தங்களுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

தோக்கியோ நகரில் கப்பாபாஷி என்று ஒரு தெரு இருக்கிறது. தெரு முழுவதும் சமையல் சாமான் கடைகள்தான். அங்கே வாங்கினாலும், வேறு எங்கே வாங்கினாலும், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: "நடுவில் உள்ள உருக்கு எது? எத்தனையாம் நம்பர்?" வெறும் "ஜப்பான் உருக்கு" என்று பதில் வந்தால் திருப்தி அடைய வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: "பக்கங்களில் இருப்பது இரும்பா, எவர்சில்வரா?" இது மிக முக்கியம்! நடுவில் நீலக் காகித உருக்கும் இரு பக்கமும் எவர்சில்வரும் வைத்துச் செய்த கத்திகள் உண்டு. அதில் வாயோரம் மட்டுமே துருப்பிடிக்கும். அந்த ஒரு கோட்டைத் துடைத்துக் காத்தால் போதும். வேலை அதிகமுள்ள குடும்பத்துக்கு இதுவே ஏற்றது.

பிறகு கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நுனி வரை பாருங்கள். முதுகு நேராக இருக்கிறதா? வாய் வளைந்திருக்கிறதா? நேராக இல்லாததை வாங்க வேண்டாம்.

பிடியைப் பாருங்கள். மரப்பிடியில் எருமைக் கொம்பால் பூண் போட்டிருப்பார்கள். கத்தியின் காம்பும் பிடியும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் தண்ணீர் இறங்கும். உள்ளே துருப்பிடிக்கும்.

கடைசியாக, கையில் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைக்கு இதமாக இருப்பதே உங்கள் கத்தி.

ஜப்பானில் வாங்கினால், கட்டிக் கொடுத்த பெட்டியைத் தெருவில் பிரிக்க வேண்டாம். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு உள்ள கத்தியைக் காரணம் இல்லாமல் வைத்துக்கொண்டு திரிவது அங்கே குற்றம். விமானத்தில் கைப்பையில் வைக்கவும் கூடாது. சாமான் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வேலை முடிந்தவுடன் கழுவுங்கள். உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும். விரல் வாயின் மேல் படக் கூடாது. சிறிது நேரம் காற்றாட வைத்து, பிறகு உறையில் போடுங்கள்.

பழைய இரும்பு அரிவாள்மனையைத் துடைத்து வைத்த பாட்டிமார்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். எலும்பு, தேங்காய் ஓடு, பனிக்கட்டிபோல் உறைந்த இறைச்சி ஆகியவற்றை வெட்டாதீர்கள். கண்ணாடி, கருங்கல் மேல் வைத்து வெட்டாதீர்கள். மரப்பலகை போதும்.

சில நாளில் அலகு நீலச் சாம்பலாக மாறும். பயப்பட வேண்டாம். அது கறுப்புத் துரு. அது கெடுதல் செய்யாது. ஓரளவு காக்கவும் செய்யும். செம்பழுப்புத் துருதான் எதிரி.

சாணை பிடிக்க 1,000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று போதும். இரு பக்கமும் சாணை பிடித்த கத்தியானால், முதுகு கல்லிலிருந்து ஒரு சுண்டுவிரல் கனம் உயரட்டும். அந்தச் சாய்வு மாறாமல் தேயுங்கள். மறுபக்கம் பிசிர் தட்டுப்பட்டதும் திருப்பித் தேயுங்கள். பிசிர் போனால் கூர் வந்துவிட்டது.

"இவ்வளவு கூர் ஆபத்தில்லையா?" என்று கேட்கலாம். மழுங்கிய கத்திக்கும் ஆபத்து உண்டு! அதை நாம் பலம் கொண்டு அழுத்துகிறோம். அது காயின் மேல் வழுக்கி விரலில் பாய்கிறது. கூரான கத்திக்குப் பலம் வேண்டாம். கவனம் மட்டும் வேண்டும். ஆனால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

யார் வாங்க வேண்டாம்?

துடைக்க நேரம் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். பலர் கைமாறும் சமையலறைக்கும் வேண்டாம். ஒரே கத்தியால் எலும்பும் வெட்டி, டப்பாவும் திறக்கிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு நல்ல எவர்சில்வர் கத்தியே போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஒருவரே பெரும்பாலும் சமைக்கிற வீடு, துடைத்து வைக்கும் பழக்கம், மாதம் ஒரு நாள் கல்லில் தேய்க்கப் பொறுமை, இவை மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

கத்திக்கு ஒரு வழிபாடு

ஜப்பானில் கிபு மாகாணத்தில் செக்கி என்ற ஊர் இருக்கிறது. அதுவும் கத்திக்குப் பேர்போன ஊர்தான். அங்கே ஒவ்வொரு நவம்பர் 8-ம் தேதியும் பழைய கத்திகளுக்கு வழிபாடு நடத்துகிறார்கள். 11-வது மாதம், 8-ம் தேதி என்ற எண்களை ஜப்பானிய மொழியில் "நல்ல கூர்" என்று பொருள்படும்படி வாசிக்கலாம். அதனால்தான் அந்த நாள்.

தேய்ந்து போன கத்திகளும், முறிந்து போன கத்திகளும் அங்கே வந்து சேர்கின்றன. வருடக்கணக்கில் வீட்டுக்குச் சோறு போட்ட கருவிக்கு நன்றி சொல்லி விடை கொடுக்கிறார்கள்.

சரி, எலுமிச்சம்பழம் நறுக்கிய அந்த வீட்டுக் கத்தி என்ன ஆவது?

அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓர் இரவுத் துரு மேலோடுதான் இருக்கும். பாத்திரம் துலக்கும் பொடியைத் தக்கையில் தொட்டு, வாய்ப் பக்கம் போகாமல் தேய்த்தால் துரு போய்விடும். கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் கூர் திரும்பிவிடும். துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

மறுநாள் தக்காளியின் மேல் வைத்துப் பாருங்கள். தோல் முன்போலவே பிளக்கும்!